முறைகளும் காரணங்களும்: தொழில்முறை வடிவமைப்பு ஆய்வின் இன்றைய நிலை குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளையோ சேவையையோ கணினிச் செயலியையோ வடிவமைக்கும்போது, அதைப் பயன்படுத்தும் மக்களை முறைப்படி ஆராயும் பணி கடந்த அறுபது ஆண்டுகளில் தனித்ததொரு தொழில்துறையாக வளர்ந்துள்ளது. இத்துறையில் முறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அம்முறைகள் எக்காரணத்தால் உருவாயின, எவ்வெல்லைக்குள் பொருந்தும் என்னும் அறிவு அவற்றோடு சேர்ந்து பயணிப்பதில்லை. இக்கட்டுரை, பரவலாக அறியப்பட்ட மூன்று முறைசார் நிகழ்வுகளை ஆராய்ந்து, இந்த இழப்பு தனியாள்களின் கவனக்குறைவால் நேர்வதன்று என்றும், பொதுவெளியில் வழக்குப்பதிவு இல்லாத ஒரு துறையில் அது தவிர்க்கவியலாதது என்றும் வாதிடுகிறது. இந்திய வடிவமைப்புக் கல்வியின் ஆவணப்படுத்தல் மரபு இதற்கொரு தொடக்கப்புள்ளியாக அமையக்கூடும் என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வடிவமைப்பு ஆய்வு, முறையியல், பயன்படுதன்மைச் சோதனை, தொழில்துறை, ஆவணப்படுத்தல், ஆய்வறம்.

முன்னுரை

தமிழகக் கல்விப்புலத்தில் ‘ஆய்வு வடிவமைப்பு’ என்னும் தொடர் நன்கு அறிமுகமானது. ஆய்வேட்டின் முதல் இயலில் கருதுகோள், தரவு, அணுகுமுறை ஆகியவற்றோடு இடம்பெறுவது அது. ‘வடிவமைப்பு ஆய்வு’ என்பது வேறு. நாற்காலி முதல் வங்கிச் செயலி வரை மனிதர் உருவாக்கும் பொருள்களை எவ்வாறு உருவாக்குவது, உருவாக்கும்போது என்ன நிகழ்கிறது, உருவானது பயன்படுவோர் கையில் என்னவாகிறது என்பவற்றை ஆராய்வது இத்துறை.

இலண்டனிலுள்ள அரச கலைக் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-இல் இவ்வாய்வை மூன்றாக வகைப்படுத்தினார். வடிவமைப்பைப் பற்றிய ஆய்வு, வடிவமைப்பின் வழியான ஆய்வு, வடிவமைப்புக்கான ஆய்வு என்பன அவை. முதலாவது, வடிவமைப்பின் வரலாற்றையும் கோட்பாட்டையும் ஆராய்வது. இரண்டாவது, ஒன்றை உருவாக்கிப் பார்ப்பதையே அறியும் வழியாகக் கொள்வது. மூன்றாவதில் ஆய்வின் பயன் உருவான பொருளிலேயே அடங்கிவிடுகிறது. தனியே எடுத்துரைக்கத்தக்க அறிவாக அது வெளிப்பட வேண்டிய கட்டாயமில்லை.

இன்று நிறுவனங்கள் ஊதியம் கொடுத்து நடத்தும் ஆய்வில் பெரும்பகுதி இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. ஆகவே, ஒரு தொழில்துறையின் பெரும்பான்மை உழைப்பு எடுத்துரைக்கப்படாத அறிவாகவே முடிந்துபோகிறது. இந்நிலை அத்துறைக்கு என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

தோற்றமும் முதல் விலகலும்

1962-ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற வடிவமைப்பு முறைகள் குறித்த மாநாடு இத்துறையின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1966-இல் வடிவமைப்பு ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. போருக்குப் பிந்தைய அறிவியல் நம்பிக்கையின் குழந்தை இவ்வியக்கம். வடிவமைப்பாளரின் உள்ளுணர்வு என்று விடப்பட்டிருந்ததைப் படிநிலைகளாகப் பிரித்து, பிறர் சரிபார்க்கக்கூடிய செயல்முறையாக்குவது அதன் நோக்கம்.

அந்நோக்கத்தின் சிறந்த பக்கத்தைப் புரூஸ் ஆர்ச்சரின் பணியில் காணலாம். பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்கான பொதுக் கட்டிலை உருவாக்கும் பணியை 1960-களில் அவர் குழு மேற்கொண்டது. செவிலியரின் வேலைகள் கூர்ந்து நோக்கப்பட்டன. மாதிரிகள் மருத்துவமனையில் பயன்படுத்திப் பார்க்கப்பட்டன. இறுதியில் கிடைத்தது கட்டில் மட்டுமன்று. எந்த உற்பத்தியாளரும் பின்பற்றக்கூடிய, அச்சில் வெளியான ஒரு விவரக்குறிப்பும் கிடைத்தது. ஏன் அந்த உயரம், ஏன் அந்தச் சாய்வு என்று கேட்பவருக்கு விடை தேட ஓரிடம் இருந்தது. வடிவமைப்புக்காகச் செய்யப்பட்ட ஆய்வு பொது அறிவாகவும் மாறியதற்கு இஃது ஒரு சான்று.

ஆயினும் இயக்கத்தின் முன்னோடிகளே விரைவில் அதிலிருந்து விலகினர். 1964-இல் வடிவத் தொகுப்பைக் கணித முறையில் விளக்கிய கிறிஸ்டோபர் அலெக்சாண்டர், 1971-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், வடிவமைப்பு முறைகளைத் தனியொரு பாடமாக ஆராயும் போக்கையே நிராகரித்தார். 1970-இல் அம்முறைகளைத் தொகுத்து நூலாக்கிய ஜே. கிறிஸ்டோபர் ஜோன்சும் பின்னர் அவை இயந்திரத்தனமாகக் கையாளப்படுவதைக் கண்டு விலகி நின்றார். 1973-இல் ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் திட்டமிடலில் எதிர்ப்படும் சிக்கல்களை ‘அடங்காச் சிக்கல்கள்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு, அவற்றின் பத்து இயல்புகளை விளக்கினர். இத்தகைய சிக்கலுக்கு முடிந்த முடிபான வரையறை இல்லை; தீர்வைத் தேடும்போதே சிக்கலின் உருவமும் மாறுகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இவ்விலகலைத் தோல்வியாக மட்டும் காண்பது பொருந்தாது. நைஜல் கிராஸ் 1982-இல் வடிவமைப்பாளருக்கே உரிய அறிதல் முறை உண்டு என்று எழுதியதும், டொனால்ட் ஷோன் 1983-இல் செயலின் ஊடே சிந்திக்கும் தொழிலாளரைப் பற்றி எழுதியதும் அவ்விலகல் திறந்துவிட்ட வழியில்தான். இங்குக் கவனத்திற்குரியது மற்றொன்று. முன்னோடிகள் எழுப்பிய ஐயம் கல்விப்புலத்தில் விவாதமாக நிலைபெற்றது. தொழிற்களத்திற்குச் சென்றவை முறைகள் மட்டுமே. இந்தப் பிளவு பின்னர் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

மூன்று முறைகளின் வரலாறு

முதலாவது, ஐந்து பயனர் விதி. ஒரு திரை இடைமுகத்தில் உள்ள பயன்பாட்டுக் குறைகளைக் கண்டறிய எத்தனை பேரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்னும் வினாவிற்கு ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-இல் ஒரு கணித மாதிரியை முன்வைத்தனர். ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காட்டுக் குறைகளை வெளிப்படுத்துவார் எனக் கொண்டால், ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிப்படுத்துவர். இதனடிப்படையில் நீல்சன் 2000-இல் பரிந்துரைத்தது ஒரே சோதனையை அன்று. பதினைந்து பேரை ஒருசேர அழைப்பதைவிட, ஐவரை அழைத்துச் சோதித்து, திருத்தி, மீண்டும் ஐவரைக் கொண்டு சோதிப்பதே மேல் என்பது அவர் கூற்று. தொடர்ந்து திருத்துவதற்கான வாதம் அது.

இன்று அவ்வெண் மட்டும் எஞ்சியுள்ளது. திருத்தமும் மறுசோதனையும் இல்லாமல் ஒரே ஒரு முறை ஐவரைச் சந்தித்துவிட்டு ஆய்வு நிறைவடைந்ததாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. மக்களின் தேவைகளையும் அச்சங்களையும் கேட்டறியும் நேர்காணல்களுக்கும் அதே எண் சான்றாகக் காட்டப்படுகிறது. அம்மாதிரியின் எடுகோளைச் சற்றே மாற்றினாலும் முடிவு சரிகிறது. ஒரு குறை பத்தில் ஒருவருக்கே வெளிப்படுவதாயின், ஐவரைக் கொண்டு அதைக் கண்டறியும் வாய்ப்பு 41 விழுக்காடுதான். பார்வைக் குறையுடையோர், எழுத்தறிவு குறைந்தோர், பழைய கைப்பேசி வைத்திருப்போர் ஆகியோர் சந்திக்கும் தடைகள் பெரும்பாலும் இத்தகையவை. ஐந்து என்னும் எண் காரணமின்றிப் பயணிக்கும்போது முதலில் விடுபடுவோர் இவர்களே.

இரண்டாவது, பண்பாட்டுத் தூண்டுபொதிகள். 1999-இல் கட்டுரையாக வெளியான ஓர் ஆய்வில் பில் கேவர், அந்தோணி டன், எலெனா பசென்டி ஆகியோர் ஆஸ்லோ, ஆம்ஸ்டர்டாம் ஆகிய நகரங்களின் இரு பகுதிகளிலும் இத்தாலியின் பெச்சோலி என்னும் ஊரிலும் வாழ்ந்த முதியோருக்குச் சிறு பொதிகளை வழங்கினர். அஞ்சலட்டைகள், வரைபடங்கள், ஒருமுறைப் புகைப்படக் கருவி முதலியன அவற்றில் இருந்தன. முதியோர் தம் விருப்பம்போல் அவற்றை நிரப்பித் திருப்பி அனுப்பினர். தரவு திரட்டுவது இதன் நோக்கமன்று. அறிமுகமில்லாத வாழ்வைக் கற்பனை செய்யும் வடிவமைப்பாளரின் மனத்தைக் கிளறுவதும், தாம் முழுமையாக அறிந்துவிட்டதாக அவர் கருதிவிடாமல் தடுப்பதுமே நோக்கம்.

ஐந்தே ஆண்டுகளில் கேவரும் உடன் பணியாற்றியோரும் மற்றொரு கட்டுரை எழுத நேர்ந்தது. தூண்டுபொதிகளைப் பிறர் வினாநிரல்போல் பயன்படுத்தி, விடைகளை வகைப்படுத்தி, சராசரி கண்டு, பயனர் தேவை என்று முடிவு கூறுவதைக் கண்டு, ஐயத்தின் மதிப்பை அவர்கள் அக்கட்டுரையில் வலியுறுத்தினர். ஐயத்தைப் பேணுவதற்காகப் படைக்கப்பட்ட ஒரு முறை, ஐயத்தைப் போக்கும் கருவியாகக் கையாளப்பட்டது.

மூன்றாவது, பச்சைப் பொத்தான். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் லூசி சச்மன், நகலெடுக்கும் இயந்திரத்தோடு மனிதர் படும் பாட்டை ஆராய்ந்தார். கணினி அறிவியலில் தேர்ந்த இருவர் இருபக்க நகலெடுக்க முயன்று தடுமாறும் காட்சி படமாக்கப்பட்டது. 1987-இல் வெளியான அவரது நூலின் வாதம் ஆழமானது: மனிதர் முன்கூட்டிய திட்டத்தை அப்படியே நிறைவேற்றுவதில்லை, சூழலுக்கேற்பச் செயல்படும்போது திட்டத்தை ஒரு துணையாகக் கொள்கின்றனர். இயந்திரமோ மனிதச் செயலின் மிகச் சிறிய பகுதியையே காணவல்லது. எனவே இருவருக்கும் இடையிலான புரிதல் இயல்பாகவே சமனற்றது.

தொழில்துறை மேடைகளில் இவ்வாய்வு வேறு கதையாயிற்று. மானிடவியலாளர் ஒருவர் வந்து, பயனர் குழம்புவதைக் கண்டு, பெரிய பச்சைப் பொத்தானை வைக்கச் செய்தார் என்பது அக்கதை. சச்மன் தமது பிற்கால எழுத்தில் இதை மறுத்துள்ளார். புதிய இயந்திரத்தைப் பழகிக்கொள்ளவும், அதைத் தம் வேலையோடு பொருத்திக்கொள்ளவும் மனிதர் செலவிடும் உழைப்பை அப்பொத்தான் மறைத்தது என்பதே அவர் கருத்து. எளிமை என்னும் வாக்குறுதியைக் கேள்விக்குள்ளாக்கிய ஆய்வு, அவ்வாக்குறுதியின் விளம்பரமாக நினைவுகூரப்படுகிறது.

மூன்றிலும் ஒரே போக்கைக் காணலாம். எண், பொதி, கதை ஆகியவை எளிதில் எடுத்துச் செல்லத்தக்கவை. அவற்றைத் தாங்கிநின்ற எடுகோள், ஐயம், வாதம் ஆகியவை அவ்வாறு இல்லை.

காரணங்கள் ஏன் உடன் செல்வதில்லை

சட்டத்துறையில் தீர்ப்புகள் அறிக்கைகளாக வெளியிடப்படுகின்றன. ஒரு தீர்ப்பைப் பின்பற்றும் வழக்கறிஞர் அதன் காரணத்தையும் எடுத்துரைக்க வேண்டும். எதிர்த்தரப்பு அக்காரணம் இவ்வழக்கிற்குப் பொருந்தாது என மறுக்கலாம். மருத்துவத்தில் நோயாளியின் பெயரை மறைத்து நோய் வரலாற்றை வெளியிடும் மரபு நிலைபெற்றுள்ளது. இரு துறைகளிலும் இரகசியம் காக்கப்படுகிறது, அறிவும் சேர்கிறது.

வடிவமைப்பு ஆய்வில் இவ்விரண்டாம் பகுதி வளரவில்லை. ஆய்வின் முடிவுகள் அதற்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின் உடைமை. இரகசியக் காப்பு ஒப்பந்தம் கண்டுபிடிப்பை மட்டுமன்றி, எவ்வாறு கண்டறியப்பட்டது, எது புறக்கணிக்கப்பட்டது, பின்னர் என்ன நேர்ந்தது என்பவற்றையும் மூடிவிடுகிறது. வெளியே வருவன வெற்றிக் கதைகளும் முறைகளின் கையேடுகளும். தோல்விகள் வெளிவருவதில்லை, ஒரு முறை எங்குப் பொருந்தாது என்பதைக் காட்டுவதற்குத் தோல்வியைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

கல்விப்புல இதழ்கள் இக்குறையை ஈடுசெய்கின்றன என்று கூறக்கூடும். ஓரளவுக்கு உண்மை. ஆயினும், இரண்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டிய பணியாளரை மனத்தில் கொண்டு எழுதப்படும் கட்டுரைகள் அரிது. கல்விப்புலத்தினர் தாம் உருவாக்கிய மாதிரிகளைப் பெரும்பாலும் மாணவர்களைக் கொண்டோ சிறு குழுக்களைக் கொண்டோ சோதிக்கின்றனர். ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒரு பொருளின் பின்னணித் தரவு நிறுவனத்திடம் உள்ளது. அதை வாதமாக்கும் பொழுதும் பயிற்சியும் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இரண்டும் சந்திக்கும் இடங்கள் மிகச் சில.

இவ்வேளையில் டொனால்ட் நார்மன் 2010-இல் எழுப்பிய எதிர்வாதத்தையும் கருத வேண்டும். வடிவமைப்பு ஆய்வு இருப்பதைச் செம்மையாக்க உதவுமேயன்றிப் பெரும் புத்தாக்கங்களுக்கு வழிகோலியதில்லை, தொழில்நுட்பமே முதலில் வருகிறது, தேவை பின்னர் உருவாகிறது என்பது அவர் வாதம். இதனை மறுத்தவர் பலர், ஏற்றவரும் உளர். ஆனால் இவ்விவாதத்தில் இருதரப்பும் எடுத்துக்காட்டியவை பெரும்பாலும் அனைவரும் அறிந்த கண்டுபிடிப்புகளின் வரலாறுகளே. எந்த ஆய்வு எந்த முடிவை மாற்றியது என்பதற்கான பதிவுகள் பொதுவெளியில் இருந்திருப்பின், அவ்விவாதம் சான்றுகளின் அடிப்படையில் முன்னேறியிருக்கும்.

பதிவின்மையின் விலை

பதிவின்மையின் விளைவை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் காண முடிந்தது. தொழில்நுட்ப நிறுவனங்கள் பெருமளவில் ஆட்குறைப்பு செய்தபோது பயனர் ஆய்வாளர்களும் பணியிழந்தனர். ஏர்பிஎன்பி நிறுவனத்தில் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்திருந்த ஜட் ஆன்டின் 2023-இல், துறைக்குக் கணக்குத் தீர்க்கும் காலம் வந்துவிட்டது என்னும் கருத்துப்பட ஒரு கட்டுரை வெளியிட்டார். நிறுவனத்தின் திசையைத் தீர்மானிக்கும் பேராய்வுக்கும், உடனடியாகத் திருத்த உதவும் நுண்ணாய்வுக்கும் இடைப்பட்ட, எதையும் மாற்றாத நடுத்தர ஆய்வில் துறை காலத்தைச் செலவிட்டுவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு.

அக்குற்றச்சாட்டு பெரிதும் விவாதிக்கப்பட்டது. எனினும் அது பயனை நிறுவனத்தின் இலாபத்தைக் கொண்டே அளக்கிறது. ஆய்வின் மறுபக்கத்தில் உள்ளோர் அதில் இடம்பெறவில்லை. ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறந்து, தம் கடனையோ நோயையோ தனிமையையோ ஓர் ஆய்வாளரிடம் எடுத்துரைக்கிறார். கைம்மாறாகச் சிறு தொகை பெறுகிறார். அவர் கூற்று ஒரு விளக்கப்படத்தில் ஒரு வரியாகி, நிறுவனத்தின் கணினியில் உறைகிறது. அதே வினாவுடன் மற்றொரு நிறுவனம் மறுநாள் மற்றொரு வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பல்கலைக்கழக ஆய்வில் அறநெறிக்குழுவின் ஒப்புதல் தேவைப்படும் இடங்களில்கூட, தொழில்முறை ஆய்வு அந்தந்த நிறுவனத்தின் மனச்சான்றையும் தனியுரிமைச் சட்டத்தின் குறைந்தபட்ச விதிகளையும் நம்பியே நடைபெறுகிறது.

தற்போது மொழி மாதிரிகளைக் கொண்டு செயற்கைப் பயனர்களை உருவாக்கி அவர்களிடமே வினவும் சேவைகளும் வந்துவிட்டன. காரணங்களோடு கூடிய பதிவுகள் உள்ள துறை, இத்தகைய கருவி எங்குப் பிழைக்கிறது என்பதைப் பழைய வழக்குகளோடு ஒப்பிட்டுக் கூற இயலும். முறைகளை மட்டுமே நினைவில் கொண்ட துறைக்கு அவ்வுரைகல் இல்லை.

இந்தியச் சூழல்: சொம்பும் ஆவணமும்

இந்திய வடிவமைப்புக் கல்வியின் தொடக்க ஆவணமே ஒருவகையில் இச்சிக்கலைத் தொட்டுள்ளது. இந்திய அரசின் அழைப்பில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958-இல் அளித்த அறிக்கை, அன்றாடப் பயன்பாட்டிலுள்ள சொம்பை எடுத்துக்கொள்கிறது. அதனை ஒருவர் புதிதாக வடிவமைக்க முற்பட்டால் எவற்றையெல்லாம் கருத வேண்டும் என்று வினாக்களை அடுக்குகிறது: கொள்ளளவு, தூக்குவோரின் கை, இடுப்பில் அமரும் பாங்கு, ஊற்றும்போது நிறைநிலை, உலோகத்தின் விலை, மறுவிற்பனை மதிப்பு என அப்பட்டியல் நீள்கிறது. தனியொருவர் வடிவமைத்ததன்று அது; பல தலைமுறைகளின் கைகள் வடித்தது.

அக்காரணங்கள் எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் அவை அழியவில்லை. குருவின் பட்டறையில் முறையும் காரணமும் பிரியாமல் மாணவனின் கைக்கு வந்தன. தவறிய வடிவம் சந்தையில் உடனே தெரிந்தது. தொழில்முறை வடிவமைப்பு ஆய்வு அப்பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டது. எழுத்துப் பதிவு அதன் இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. அஃது இன்னும் முழுமையாக நிகழவில்லை.

ஈம்ஸ் அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், 1969-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொழில்முறை வடிவமைப்பு மையமும் தொடங்கப்பட்டன. மாணவர்கள் கைவினைக் குடும்பங்களோடு தங்கி, மூலப்பொருள், கருவி, செய்முறை ஆகியவற்றைப் பதிவுசெய்யும் கைவினை ஆவணப்படுத்தல் அகமதாபாத் நிறுவனத்தின் கல்வியில் இடம்பெற்றுள்ளது. மும்பை மையம் முன்னின்று நடத்தும் டிசோர்ஸ் இணையக் களஞ்சியம் இத்தகைய பதிவுகளைக் கட்டணமின்றி அனைவருக்கும் வழங்குகிறது. வடிவமைப்பு ஆய்வின் உழைப்பைப் பொதுச்சொத்தாக்கும் மரபு இங்குக் கருக்கொண்டுள்ளது எனலாம். இப்பதிவுகள் ஒன்று எவ்வாறு செய்யப்படுகிறது என்பதில் வளமானவை. அவற்றோடு, இம்முடிவு ஏன் எடுக்கப்பட்டது, எவ்வழி கைவிடப்பட்டது என்னும் வாதமும் சேருமாயின் அவை வழக்குப்பதிவுகளாக உயரும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அமரேஷ் சக்கரவர்த்தியும் லூசியன் பிளெசிங்கும் 2009-இல் வெளியிட்ட முறையியல் நூல் இதற்கொரு சட்டகம் தருகிறது. ஆய்வை நான்கு கட்டங்களாகப் பகுக்கும் அந்நூல், வினாவைத் தெளிவாக்குதல், இருக்கும் நிலையை விவரித்தல், துணைக்கருவியை உருவாக்குதல் ஆகியவற்றிற்குப் பின் மீண்டும் ஒரு விவரிப்பு ஆய்வை வலியுறுத்துகிறது. உருவாக்கியது எதிர்பார்த்த மாற்றத்தை உண்மையில் விளைவித்ததா என்று சரிபார்ப்பது அக்கட்டம். தொழிற்களத்தில் வழக்கமாகக் கைவிடப்படுவதும் அதுவே. பொருள் சந்தைக்குச் சென்றதும் ஆய்வுக்குழு அடுத்த பணிக்கு நகர்ந்துவிடுகிறது.

முடிவுரை

வடிவமைப்பு ஆய்வு தன் முறைகளைப் பெருக்கிக்கொண்ட அளவுக்கு அவற்றின் காரணங்களைப் பேணவில்லை என்பதை மூன்று எடுத்துக்காட்டுகள் வழி இக்கட்டுரை காட்டியது. நிறுவனங்கள் தம் வணிக இரகசியங்களை வெளியிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் ஓர் ஆய்வு முடிந்து சில ஆண்டுகள் கழிந்தபின், நிறுவனத்தின் பெயரையும் பங்கேற்றோரின் அடையாளத்தையும் நீக்கி, வினா, தேர்ந்த முறை, அதற்கான காரணம், எடுக்கப்பட்ட முடிவு, பின்விளைவு என்னும் ஐந்தை மட்டும் பதிவுசெய்வது இயலாத செயலன்று. ஆய்வு ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு பிரிவைச் சேர்க்கலாம். பல்கலைக்கழகங்கள் இத்தகைய பதிவுகளை மதிப்பாய்வு செய்து காக்கலாம். முனைவர் பட்ட ஆய்வுகள் புதிய முறைகளை முன்மொழிவதோடு, புழக்கத்திலுள்ள ஒரு முறை எங்கெங்குச் சென்று எவ்வாறு திரிந்தது என்பதையும் ஆராயலாம்.

பதிவு வந்துவிட்டால் எல்லா முறைகளும் சரியாகக் கையாளப்படும் என்பதில்லை. சட்ட அறிக்கைகள் இருந்தும் தவறான தீர்ப்புகள் வரவே செய்கின்றன. ஆயினும் அங்கே தவறைத் தவறென்று காட்ட மேல்முறையீடு உண்டு. தம் வாழ்வை ஆய்வாளரிடம் திறந்துகாட்டும் மக்களுக்கு வடிவமைப்பு ஆய்வு பட்டிருக்கும் கடன், ஒருமுறை கேட்டறிந்ததைப் பிறரும் சரிபார்க்கும் வகையில் காத்துவைப்பதிலிருந்தே அடைபடத் தொடங்கும்.